ரியாஸ் ஆடிய நாள்

போன வாரம் நம் மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஏழு பேரும் என் வீட்டுக்கு வந்து, "மாஸ்டர், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடலாம்" என்று கேட்டீர்கள். எந்த மேடையில் எவ்வளவு கைதட்டல் வாங்கினோம், எந்தப் பிரமுகர் சால்வை போர்த்தினார் என்று எழுதுவேன் என நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. காப்பி குடித்துக்கொண்டே நீங்களும் பார்த்தீர்கள். நான் எழுதப்போவது சுவரில் மாட்ட முடியாத ஒரு நாளைப் பற்றி.

எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. நாலு வரி எழுதுவதும் கிழித்துப் போடுவதுமாக இருக்கிறேன். வயதாகிவிட்டது என்று மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள். வயது இல்லை, பயம்.

அன்று மேடையில் இருந்தவர்கள் யார், எங்கே இசை கற்றவர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குழுவில் ஒருவனைச் சேர்க்கும்போது என்ன வாசிப்பாய் என்று மட்டும் கேட்காதீர்கள், எங்கே கற்றுக்கொண்டாய் என்றும் கேட்டு வையுங்கள். நெருக்கடி வந்தால் மனிதன் யோசிப்பதில்லை. கை தான் பழகிய இடத்துக்குத்தான் போகிறது. என் கையும் அப்படித்தான் போனது.

நான் கடலூர் முதுநகர்க்காரன். நம் குழுவில் கீபோர்டு வாசிப்பதற்கு முன்னால் ஒரு தெருக்கூத்துக் குழுவில், ஜமா என்பார்கள், ஆர்மோனியம் வாசித்தேன். அங்கே எனக்கு வாத்தியாராக இருந்தவர் மேடைப் பலகையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார். செருப்புக் காலோடு ஒருமுறை ஏறிய என்னை, அத்தனை பேர் பார்க்க, காலிலேயே அடித்து இறக்கினார். அன்றிலிருந்து எனக்கு மேடை என்றால் வெறுங்கால்தான். குழுவைத் தொடங்கியபோது அதையே சட்டமாக்கினேன். எந்த மதமாக இருந்தாலும் சரி, கும்பிடுவது உன் இஷ்டம், செருப்பைக் கீழே விடு என்பேன். அந்தச் சட்டத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

டிரம்ஸ் செல்வம். நெல்லிக்குப்பம் பக்கம். அப்பா, சித்தப்பா எல்லாரும் சாவு ஊர்வலத்துக்கு வாசிக்கிற பேண்டு செட்டில் இருந்தவர்கள். இவனும் சின்ன வயதிலேயே தோளில் டிரம்மை மாட்டிக்கொண்டு நடந்தவன். ஊர்வலத்தில் யாராவது மயங்கி விழுந்தாலும், பங்காளிகளுக்குள் அடிதடியே வந்தாலும், மேளம் நிற்கக் கூடாது. பாடையைக் கீழே இறக்கிய பிறகுதான் நிற்க வேண்டும். அதனால் நம் மேடையிலும் செல்வம் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பான். அவன் அடி ஒருநாளும் தடுமாறியதில்லை.

பேஸ் கிட்டார் ஆரோக்கியராஜ். முதுநகரில் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவன். அங்கே நடத்துபவரின் கை ஏறினால் தொடங்க வேண்டும், இறங்கினால் நிறுத்த வேண்டும். என்னிடம் வந்த பிறகும் அவன் கண் என் கையிலேயே இருக்கும். விரலைச் சுழற்றினால் அந்த இடத்தையே திரும்ப வாசிப்பான், காரணம் கேட்கமாட்டான்.

ரியாஸும் யூசுப்பும் பரங்கிப்பேட்டை. ரியாஸ் பாடகன், யூசுப் டோலக். யூசுப்பின் அக்காவைத்தான் ரியாஸ் கட்டியிருந்தான். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே நபிகளின் புகழைச் சொல்லும் மௌலூது ஓதுகிற கூட்டத்தில் இருந்தவர்கள். ரியாஸ் ஓதுவான், பக்கத்திலிருந்து யூசுப் தப்ஸ் என்கிற கைப்பறை அடிப்பான். அந்த ஓதலில் உடம்பு அசையாது. கண் தாழ்ந்திருக்கும், குரல் மட்டும் ஏறி இறங்கும், நீளமான வரியை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். ரியாஸுக்கு அப்படி ஒரு மூச்சு இருந்தது. முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவனுடைய வாப்பாவுக்கு மகன் மேடையில் சினிமாப் பாட்டுப் பாடுவதில் விருப்பம் இல்லை. மலேசியாவில் ரொம்ப நாள் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர், கண்டிப்பான மனிதர். பிள்ளை பிடிவாதம் பிடித்ததும், ஒருநாள் அவரே முதுநகருக்கு வந்து என்னைப் பார்த்தார். "பாட்டெல்லாம் எனக்குப் புடிக்கல மாஸ்டர். ஒங்களப் பாத்தா பொறுப்பானவரா தெரியுது. ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன்" என்றார். நானும் பெரிய மனிதனாட்டம் தலையாட்டினேன்.

ரியாஸிடம் எனக்கு ஒரே ஒரு குறை. பாடும்போது நட்டு வைத்த கம்பு மாதிரி நிற்பான். நம் கூட்டத்துக்குப் பாட்டு மட்டும் போதாதே, பாடுபவன் கொஞ்சம் ஆடவும் வேண்டும். "கொஞ்சம் ஆக்‌ஷன் போடுடா. இன்னாடா இப்படி நிக்கிற, உனக்கு இன்னா பாஸ்போர்ட் போட்டோவா எடுக்குறாங்க?" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வேன். அவன் சிரித்துக்கொண்டே, "வர மாட்டேங்குது மாஸ்டர்" என்பான். இரண்டு வருடம் இதையே சொல்லி அவனை நச்சரித்திருக்கிறேன்.

இனி அந்த நாள்.

சிதம்பரத்தில் ஒரு பாத்திரக் கடைத் திறப்பு விழா. ஐப்பசி மாதம், காலை நேரம். ராத்திரியெல்லாம் மழை கொட்டி, அப்போதுதான் தூறலாகக் குறைந்திருந்தது. கடைக்கு எதிரே தெருவில் இரும்புக் கால் வைத்துப் பலகை அடித்து மேடை போட்டிருந்தார்கள். அதன்மேல் சிவப்புக் கார்ப்பெட். மிதித்தால் தண்ணீர் மேலே வந்தது. கரண்ட் இல்லை, மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மைக்செட் வைத்தவர் கடை முதலாளிக்குச் சொந்தக்காரர். ரிப்பன் வெட்ட ஒரு டி.வி. நடிகை வரப்போகிறார் என்று தெரு நிறையக் கூட்டம்.

ரியாஸ் ரப்பர் செருப்போடு மேடைப் படி வரைக்கும் வந்து நின்றான்.

"மாஸ்டர், கார்ப்பெட் ஃபுல்லா ஈரமா கெடக்கு. இன்னிக்கி மட்டும் செருப்பு போட்டுக்கட்டா?"

அவன் காலைப் பார்த்தேன். என் பார்வை அவனுக்குப் பழக்கம்தான். இறங்கிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.

முதல் பாட்டு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னான்.

"மைக் கடிக்குது மாஸ்டர். உதட்டுல சுர்ருங்குது."

பிள்ளைகளே, மைக் கடிப்பது, அதாவது மைக்கில் ஷாக் அடிப்பது, நம் தொழிலில் கொசு கடிப்பது போலத்தான். முன்பெல்லாம் பத்து மேடை ஏறினால் ஐந்தில் கடிக்கும். மைக்கில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு பாடுவோம். பாடகர்கள் இதற்காகவே ஒரு கர்ச்சீப் வைத்திருப்பார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எர்த், நியூட்ரல் சமாச்சாரமெல்லாம் எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இது எதுவும் தெரியாத சின்னக் குழந்தைகூட அந்த இடத்தில் மைக்கைக் கீழே வை என்றுதான் சொல்லியிருக்கும்.

நான் அப்படிச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அந்த நேரம் பார்த்து முதலாளி மேடையோரம் ஓடி வந்தார். "மாஸ்டர், நடிகை வண்டி பி.முட்லூர் தாண்டிடுச்சாம். எறங்கும்போது பாட்டு ஓடிக்கிட்டே இருக்கணும். நடுவுல நிறுத்திடாதீங்க, நல்ல நேரம் போய்டும்" என்றார். மைக்செட்காரர் கடை வாசலில் ஏணிமேல் நின்று ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் ஐந்து நிமிடமாவது ஆகும். அந்த ஐந்து நிமிடம் மேடை ஊமையாக இருந்தால் என் மானம் போய்விடும் என்று தோன்றியது.

சட்டைப் பையிலிருந்து என் கர்ச்சீப்பை எடுத்து ரியாஸிடம் கொடுத்தேன்.

"சுத்திக்கோ. இந்த ஒரு பாட்டு மட்டும் பாடிடு."

தூறலில் முகம் துடைத்த கர்ச்சீப் அது. ஈரமாக இருந்தது. கொடுக்கும்போதே என் விரலுக்கு அந்த ஈரம் தெரிந்தது.

அவன் ஒரு விநாடி என்னைப் பார்த்தான். பிறகு சுற்றிக்கொண்டான்.

அடுத்தது குத்துப் பாட்டு. பல்லவி நன்றாகப் போனது. சரணத்தில் மைக் ஸ்டாண்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்த நினைத்து, இன்னொரு கையால் அந்த இரும்புக் கம்பியைப் பிடித்தான். பிடித்தவன் ஆடத் தொடங்கினான்.

இரண்டு தோளும் குலுங்கின. தலை பின்னால் சாய்ந்தது. கால்கள் அந்தக் கார்ப்பெட்டில் தடதடவென்று அடித்தன. கூட்டத்தில் விசில் பறந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆமாம், சந்தோஷம் என்றுதான் எழுதுகிறேன். அப்பாடா, என் பேச்சு இன்றைக்குத்தான் இவன் காதில் ஏறியது என்று நினைத்தேன். குரல் பாதியில் நின்றது. மைக் தகராறு என்று எண்ணி, விட்ட இடத்தைக் கீபோர்டில் நிரப்பினேன். அதோடு விட்டேனா? அவன் இன்னும் கொஞ்சம் ஆடட்டும் என்று ஆரோக்கியராஜைப் பார்த்து விரலைச் சுழற்றினேன். அவன் கீழ்ப்படிந்து அதே இடத்தைத் திரும்ப வாசித்தான். விசில் சத்தம் கேட்ட செல்வம், கண்ணைத் திறக்காமலே வேகத்தைக் கூட்டினான்.

மொத்தம் ஏழெட்டு விநாடி இருக்கும். அந்த ஏழெட்டு விநாடியும் ஒரு மனிதன் எங்கள் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தான். நாங்கள் அதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தோம்.

டோலக் மட்டும் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். யூசுப்பின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"மச்சான்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்தான். கையால் தொடவில்லை. கழுத்தில் தொங்கிய டோலக்கை வாரோடு உருவி, அந்த மரக்கட்டையால் ரியாஸின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். முதல் அடியில் அவன் பிடி விடவில்லை. இரண்டாவது அடியில் மைக் தெறித்துப்போய் விழுந்தது, ஸ்பீக்கரில் வெடி வெடித்தது போல் ஒரு சத்தம். ரியாஸ் மல்லாக்க விழுந்தான்.

கூட்டம் அதற்கும் கைதட்டியது.

பிறகு யூசுப்பிடம் கேட்டேன், உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று. "அவன் வார்த்தைக்கு நடுவுல மூச்ச வுட்டதே இல்ல மாஸ்டர். ஏழு வயசுலேந்து பக்கத்துல ஒக்காந்து அடிக்கிறேன். பாதி வார்த்தையில நின்னுச்சு. அவன் இல்ல அதுன்னு தெரிஞ்சிபோச்சு" என்றான். நானும் இரண்டு வருடம் அவனுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு அவன் நிற்கிற விதம் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

விழுந்த பிறகும் டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஆரோக்கியராஜ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை இறக்கினால் அவன் நிறுத்தியிருப்பான். என் கை கீபோர்டிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. யூசுப் போய்ச் செல்வத்தின் குச்சியைப் பிடுங்கிய பிறகுதான் அமைதி வந்தது. அந்த அமைதியில் கூட்டத்துக்கும் புரிந்துவிட்டது. மைக்செட்காரர் ஏணியிலிருந்து குதித்து ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார்.

நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி கூட்டத்திலிருந்து ஏறி வந்தாள். ரியாஸின் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சு இல்ல. எல்லாரும் தள்ளுங்க" என்று சொல்லி இரண்டு கையையும் கோத்து அவன் நெஞ்சில் அழுத்தத் தொடங்கினாள். நெற்றியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாய்க்குள் எண்ணிக்கொண்டே அழுத்தினாள். நான் அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஏறி இறங்கவில்லை.

அப்போது முதலாளி மறுபடி வந்தார். அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார். "வண்டி வந்துடுச்சு மாஸ்டர். தம்பிய பின்பக்கமா தூக்கிட்டுப் போய்டுங்க. மியூசிக் மட்டுமாவது ஏதாச்சும் போடுங்க. மறுபடி ஜெனரேட்டர் போடச் சொல்றேன்."

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கை கீபோர்டை நோக்கிப் போனது. நான் போகச் சொல்லவில்லை. யாராவது வாசிக்கச் சொன்னால் போகிற கை அது. அதுவரைக்கும் என் கண் அசைவுக்காகக் காத்திருந்தே பழகிய ஆரோக்கியராஜ், யாரையும் பார்க்காமல் குனிந்து என் கீபோர்டு ஒயரைப் பிடுங்கி எறிந்தான். "இன்னும் இன்னா மாஸ்டர் வாசிக்கிறது?" என்று அழுதுகொண்டே கத்தினான்.

அந்தப் பெண் அழுத்திக்கொண்டேயிருந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. திடீரென்று ரியாஸ் ஒரு மூச்சை இழுத்தான். தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவன் இழுப்பது போல ஒரு மூச்சு. எவ்வளவோ பேர் பாடிக் கேட்டிருக்கிறேன், அந்தச் சத்தத்துக்கு ஈடாக எதையும் கேட்டதில்லை.

கடைக்குப் பாத்திரம் இறக்க வந்த குட்டி யானை வண்டியில் அவனைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். செல்வம் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தான். "சாவு ஊட்டுக்கு அடிச்ச கை மாஸ்டர் இது. அவன் வுழுந்தப்புறமும் அடிச்சிக்கினே இருந்தேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்கு என்ன ஆறுதல் சொல்வது? வாசிக்கும்போது அவன் கண் மூடியிருந்தது. என் கண் திறந்திருந்ததே.

டாக்டர் பார்த்துவிட்டு, உயிருக்கு உடனே ஆபத்தில்லை, ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, சாயங்காலம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்றார். ரியாஸின் உள்ளங்கை இரண்டும் வெந்திருந்தன. வார்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்தோம். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்றேன். பிழைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கூடவே, நான் செருப்பைக் கழற்ற வைத்ததும் கர்ச்சீப் கொடுத்ததும் வெளியே தெரியக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டிய ஆள்தான் உங்கள் மாஸ்டர்.

மத்தியானம் வாப்பா வந்து சேர்ந்தார். நேராக உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். ரியாஸ் கண் விழித்திருந்தான். மகனின் தலையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றவர், என் பக்கம் திரும்பினார்.

"மைக்குல ஷாக் இருக்குறது முன்னாடியே தெரியுமா மாஸ்டர்?"

என் கண் ரியாஸிடம் போனது. அதற்குள் கட்டிலிலிருந்து அவன் ஈனக் குரலில் சொன்னான்.

"தெரியாது வாப்பா. யாருக்குமே தெரியாது. திடீர்னுதான் அடிச்சிடுச்சு."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "நீங்கதான் தூக்கிட்டு ஓடியாந்தீங்கன்னு யூசுப் போன்ல சொன்னான். என் புள்ளையத் திருப்பிக் குடுத்திருக்கீங்க. அல்லாஹ் ஒங்களுக்கு நீண்ட ஆயுசக் குடுக்கட்டும்" என்றார். நான் அந்தக் கையை உதறியிருக்க வேண்டும். தலையைக் குனிந்து, அதைப் பெரியவர் பணிவு என்று எடுத்துக்கொள்ளும்படி நின்றேன்.

அடுத்த நிகழ்ச்சியிலிருந்து நம் மேடையில் எல்லாரும் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். உங்களில் ஒருத்தி அன்றைக்கு, "ஏன் மாஸ்டர், மேடைல செருப்பு போடுறது மரியாத இல்லையே" என்று கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான் அம்மா. மைக் கடிக்கிறது என்று ஒருவன் சொன்னால் கர்ச்சீப்பைத் தேடாதீர்கள், நிறுத்துங்கள். நடிகை வரட்டும், மந்திரி வரட்டும், நல்ல நேரம் போகட்டும். உன் மானம் போய்விடும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், அது பேசுவதைக் கேட்டுத்தான் நான் இங்கே வந்து நிற்கிறேன்.

ரியாஸ் ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் பாட வந்தான். இப்போது உங்களுக்கெல்லாம் பாட்டுச் சொல்லித் தருகிற ரியாஸ் அண்ணன்தான் அவன். இன்றைக்கும் அசையாமல் நின்றுதான் பாடுகிறான். ஒருமுறை தனியாக இருந்தபோது, "ஏண்டா அன்னிக்கி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "ஒங்கள நம்பித்தான மாஸ்டர் வாப்பா வுட்டாரு. அந்த நம்பிக்க போய்ட்டா நான் அப்புறம் எங்க பாடுறது?" என்றான். என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னான் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். தன் பாட்டைக் காப்பாற்றிக்கொள்ள அவன் பொய் சொல்ல வேண்டிய நிலையில் வைத்திருக்கிறேன். எனக்கு அது இன்னும் கூடுதல் வெட்கமாக இருந்தது.

வாப்பா நன்றாக இருக்கிறார். அன்றிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல், நோன்புப் பெருநாளன்று பரங்கிப்பேட்டையிலிருந்து என் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய பிரியாணி வருகிறது. என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவர் வீட்டுக்கு என்று சொல்லித்தான் கொடுத்து அனுப்புவாராம். ஒவ்வொரு வருடமும் சாப்பிட்டிருக்கிறேன்.

எழுதட்டுமா என்று ரியாஸிடம் கேட்டேன். "எழுதுங்க மாஸ்டர். எனக்கும் சொமையாத்தான் இருக்கு" என்றான். வாப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. மலர் வந்தால் யாராவதுதான் படித்துக் காட்ட வேண்டும். யூசுப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறான், ஒரு வரிகூட விடாமல் படி என்று சொல்லிவிட்டேன். பெருநாளுக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அதற்குள் மலர் அச்சாகிவிடும் என்கிறீர்கள். அன்று காலையில் நான் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். தூக்குச்சட்டியோடு யாராவது வருவார்களா, இல்லை வெறுங்கையோடு வாப்பாவே வந்து நிற்பாரா, தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.